மூன்றாம் பெஞ்சில் நின்றுபோன சமாதானம்

இடம் காலிதான், உக்காருங்க. கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளி உக்காருங்க, பெஞ்சு அந்த ஓரத்துல ஆடுது. இலை போட்டுட்டாங்கன்னு அவசரப்பட வேண்டாம். ஐயரு வந்து ஜெபம் பண்ணணும், அதுக்குப் பிறகுதான் சோறு. எங்க பக்கம் பாதிரியாரை ஐயருன்னுதான் சொல்றது, நீங்க வேற மாதிரி நினைச்சுக்கிடாதீங்க.

வெளியூர்னு பாத்ததுமே தெரிஞ்சிட்டு. அசனத்துக்கு யாராவது சட்டையைப் பேண்டுக்குள்ள சொருகிட்டு வருவாங்களா? சாப்பிட்டு எந்திரிக்கும்போது கஷ்டப்படுவீங்க. கனடாவா? சரி, சரி. அங்க உள்ள கோயில்ல அசனம் உண்டா? இல்லையா. பாவம். வருஷத்துக்கு ஒரு நாள் சபையார் எல்லாரும் சேர்ந்து சமைச்சு, இருக்கப்பட்டவன் இல்லாதவன்னு பாக்காம ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடணும். சோறு, சாம்பார், கத்தரிக்காய்க் கூட்டு. இது இல்லாம என்ன சபை?

எனக்கு இந்த ஊர் இல்ல. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். பேர் மாசிலாமணி. மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். எங்க ஊர்லயும் கோயில் உண்டு, இதைவிடப் பெரிய கோயில். பிறகு எதுக்கு இந்த ஊர் அசனத்துல வந்து உக்காந்திருக்கேன்னு கேப்பீங்க. நீங்க கேக்கல, ஆனா நினைப்பீங்க. உண்மையைச் சொல்லிருதேன். உப்புக்காக வந்தேன்.

சிரிக்காதீங்க. வீட்ல உப்புப் போட்ட சாப்பாடு சாப்பிட்டு மாசக்கணக்காச்சு. பிரஷர் கிடையாது. டாக்டர் யாரும் சொல்லல. என் வீட்டுக்காரி நிப்பாட்டிட்டா. குழம்புல இல்ல, ரசத்துல இல்ல, ஊறுகாய் பரணுக்குப் போயிட்டு. நான் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்தேன். அதைத் தென்னைமரத்து மூட்டுல கொட்டிட்டா. தென்னை இப்ப நல்லாக் காய்க்குது. பக்கத்து வீட்ல போய் ஒரு கை உப்பு கேட்டேன். கடன் உப்பைக் கையில கொடுத்தா சண்டை வரும், நமக்குள்ள எதுக்குன்னு அந்தம்மா கதவைச் சாத்திட்டாங்க. வேதத்துல அப்படி ஒண்ணும் இல்ல. இருந்தாலும் எங்க பக்கம் யாரும் உப்பைக் கையோட கை கொடுக்க மாட்டாங்க.

இவ்வளவும் எதுக்குன்னா, நான் ஒரு ஆளை மன்னிச்சிட்டேன். அதுக்குத்தான் தண்டனை.

ஆமா, மன்னிச்சதுக்கு. மன்னிக்காதவனுக்கு வீட்ல வறுத்த மீனும் அவிச்ச முட்டையும் கிடைக்குது. மன்னிச்சவன் உப்பில்லாத கஞ்சியைக் குடிக்கான். இதை எந்த ஐயருகிட்டப் போய்ச் சொல்ல?

அந்த ஆள் யாருன்னா, என் மச்சான். வீட்டுக்காரியோட கூடப்பிறந்த அண்ணன். அருமைநாயகம்னு பேரு. ஸ்கூல்ல டிரில் வாத்தியாரா இருந்தவர். விசில் ஊதி ஊதி அந்தப் பழக்கம் போகல, மைக்கைக் கண்டா கை தானா நீண்டுரும். கோயில்ல எந்த விசேஷம்னாலும் மைக்கு அவர் கையில. சாவியைத் தொலைச்சவன், பிள்ளையைத் தொலைச்சவன், வண்டியைக் குறுக்க நிறுத்தினவன், எல்லாரும் அவர்கிட்டதான் வரணும். எனக்குச் சமையல். எங்க சபை அசனத்துக்கு ரொம்ப வருஷமா நான்தான் பொறுப்பு. சாம்பார் வைக்கிற வார்ப்பு எவ்வளவு பெருசு தெரியுமா, ஒரு ஆள் உள்ள இறங்கி நின்னுதான் கழுவணும். அதுல உப்புப் போடுறது நான் மட்டுந்தான். வேற யாரும் கை வைக்கக் கூடாது. அது எழுதாத சட்டம். நான்தான் போட்டேன் அந்தச் சட்டத்தையும்.

போன அசனத்துக்கு எங்க சேகரத்துக்கு, நாலஞ்சு சபை சேர்ந்தா ஒரு சேகரம், புதுசா ஒரு ஐயரு வந்திருந்தாரு, செல்வின் துரைன்னு. வயசு கம்மி. நல்லவரு. ஆனா ஜெபம் நீளம். எங்க கோயில்ல ஒரு வழக்கம், வார்ப்பு கொதிச்சு வரும்போது ஐயரு வந்து அடுப்புப் பக்கத்துல நின்னு ஜெபம் பண்ணணும், ஆமென் சொன்னதும் நான் உப்புப் போடணும். பழைய ஐயரு ரெண்டே வார்த்தைல முடிச்சிருவாரு, அவருக்குப் புகை ஆகாது. இவரு கண்ணை மூடினாரு. சபைக்காக, சேகரத்துக்காக, மழைக்காக, மந்திரிமாருக்காக, கடல்ல போனவங்களுக்காக, போகப் போறவங்களுக்காக. சாம்பார் பாட்டுக்குக் கொதிக்குது. எல்லாரும் கண்ணை மூடி நிக்கோம். எனக்குக் கை பதறுது. ஒருவழியா ஆமென் வந்தது, தாம்பாளத்துல இருந்த உப்பைக் கொட்டினேன்.

ஜெபத்துக்கு நடுவுலயே நான் ஒரு தடவை போட்டுட்டேன்னு பிறகு பேசிக்கிட்டாங்க. நான் போடல. போட்டிருந்தா எனக்கு ஞாபகம் இருக்காதா? ஆமென் சொன்ன பிறகு போட்டது நல்லா ஞாபகம் இருக்கு. ஏன்னா குமிச்சு வச்ச தாம்பாளம் அப்பப் பாதிதான் இருந்தது. எவன் எடுத்தான்னு நினைச்சுக்கிட்டேதான் கொட்டினேன். கையும் ஈரமா ஒட்டிக்கிட்டு இருந்தது. அதெல்லாம் எதுக்கு இப்ப.

முதல் பந்தி உக்காந்தது. சாம்பார் ஊத்தினாங்க. ஊரே அமைதியாயிட்டு. அந்த அமைதி எனக்குப் பிடிச்சிருந்தது, ருசியில சொக்கிட்டாங்கன்னு நினைச்சேன். அப்பதான் மைக்கு கரகரன்னுது. அன்பான சபையாரே, சாம்பாரில் உப்பு தூக்கலாக இருப்பதால் பரிமாறுகிறவர்கள் முதலில் மோரைக் கொண்டுவரவும்னாரு. அதோட நிறுத்தியிருக்கலாம். சமையல் பொறுப்பு, சகோதரர் மாசிலாமணி அவர்கள்னு சேர்த்தாரு. ரெண்டு தடவை சொன்னாரு. ஸ்போர்ட்ஸ் டேல ஜெயிச்சவன் பேரை அப்படித்தான் ரெண்டு தடவை சொல்வாரு.

மோர் தீர்ந்துட்டு. தண்ணி தீர்ந்துட்டு. எதிர்த்தாப்புல அம்மன் கோயில் கொடைத் திருவிழா, அவங்க மோர்ப்பந்தல் போட்டிருந்தாங்க. எங்க சபை முழுசும் இலையை மடக்கிட்டு ரோட்டைத் தாண்டி அங்க போய் வரிசையில நின்னுது. ஐயரும் நின்னாரு. அவங்க இன்னும் ரெண்டு பானை கரைச்சாங்க. ரெண்டு கோயிலுக்கும் ஒற்றுமை வந்தது அன்னைக்குத்தான். அதுக்கும் யாரும் எனக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லல.

சரி. நான் கிறிஸ்தவன். மறுநாள் காலையிலேயே மச்சானை மன்னிச்சிட்டேன். பல் தேய்க்கும்போதே மன்னிச்சிட்டேன். மன்னிச்சதை மனசுல வச்சுக்கிட்டு என்ன பிரயோசனம், கொண்டு போய்க் கொடுக்கணும்லா? ஒரு சீப்புக் கோழிக்கூடு பழம் வாங்கிட்டு, புஷ்பத்தையும் கூட்டிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். புஷ்பம் என் வீட்டுக்காரி, முழுப்பேரு கனகபுஷ்பம். மச்சான், உம்மை மன்னிச்சிட்டேன்னு சொன்னேன். அவரு பேப்பரை மடிச்சு வச்சாரு.

"எதுக்கு வே மாப்ள?"

"மைக்ல சொன்னதுக்கு."

"உப்பு கூடினது உண்மையா இல்லியா?"

"உண்மைங்கிறதாலதான மன்னிக்கேன்? பொய்யா இருந்தா கேஸ்லா போட்டிருப்பேன்."

அவரு பேப்பரைத் திரும்ப விரிச்சாரு. "மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாம். பழத்தை வச்சிட்டுப் போரும்"னாரு. எப்படி இருக்கு பாருங்க. நான் பழத்தை எடுத்துக்கிட்டேன், மன்னிப்பை அங்கேயே வச்சிட்டு வந்துட்டேன். வாங்கிக்கிடாதது அவர் பாடு. வழி முழுக்க புஷ்பம் ஒண்ணும் பேசல. நான் பெருந்தன்மையா நடந்துக்கிட்டதுல உருகிப் போயிட்டான்னு நினைச்சேன்.

பிறகு கோயில்ல ஸ்தோத்திர காணிக்கை கொடுத்தேன். நன்றிக் காணிக்கை. கவர்ல போட்டு மேல காரணம் எழுதிக் கொடுத்தா, ஞாயித்துக்கிழமை அறிவிப்புல வாசிப்பாங்க. தொகையை வாசிக்க மாட்டாங்க, காரணத்தை மட்டும். பிள்ளைக்கு வேலை கிடைச்சதுக்கு, மாடு கன்னு போட்டதுக்கு, அப்படி. நான் எழுதினது, சகோதரர் அருமைநாயகம் எனக்குச் செய்த தீங்கை மனப்பூர்வமாக மன்னிக்கக் கர்த்தர் கிருபை செய்ததற்காக. செயலாளர் அப்படியே வாசிச்சாரு. கோயில்ல ஒரு சலசலப்பு. மச்சான் என் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. எங்க ரெண்டு பேருக்கும் மூணாவது பெஞ்சு, கல்யாணம் ஆன நாள்லேருந்து பக்கத்துல பக்கத்துல.

அடுத்த ஞாயிறு அவர் கவர் வந்தது. செய்யாத தப்புக்குக் கிடைத்த மன்னிப்பைச் சகித்துக்கொள்ளப் பொறுமை தந்ததற்காக. விடலாமா? அதையும் மன்னிச்சேன், அதுக்கும் காணிக்கை. அவரு அதைச் சகிச்சாரு, அதுக்கும் காணிக்கை. இப்படியே போகுது. ஜனங்களுக்குப் பிரசங்கத்தைவிட அறிவிப்புல அக்கறை வந்துட்டு, லேட்டா வர்றவன்கூட அறிவிப்புக்குக் கரெக்டா வந்து உக்காந்தான். கடைசில பின்னால இருந்து ஒருத்தர், இவர்கள் இருவரும் கொடுக்கும் காரணங்களைக் கேட்டும் விசுவாசத்தில் குறைந்துபோகாதபடி காத்ததற்காகன்னு ஒரு கவர் போட்டாரு. அதோட ஐயரு, இனிமே காரணம் வாசிக்கிறதில்லன்னு நிப்பாட்டிட்டாரு. மாடு கன்னு போட்டவனுக்கெல்லாம் நஷ்டம். அவங்க கோபமும் என் மேலதான்.

ஆனா பெரிய பிரச்சினை அது இல்ல. சமாதானம் நின்னுபோச்சு பாருங்க, அதுதான் பெருசு.

எங்க சபையில மாசம் ஒரு தடவை திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வாங்கப் போறதுக்கு முன்னால ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் கொடுக்கணும். கனடாவுல எல்லாரும் ஹலோ சொல்லிக் கை குலுக்குவீங்களா? எங்க முறை வேற. அவர் வலது உள்ளங்கை, உங்க வலது உள்ளங்கை, மேல இடது கையால பொத்திக்கிடணும். ஐயரு முதல் பெஞ்சு ஓரத்து ஆளுக்குக் கொடுப்பாரு. அவர் பக்கத்து ஆளுக்கு. அந்த பெஞ்சு முடிஞ்சா கடைசி ஆள் திரும்பிப் பின் பெஞ்சுக்கு. அப்படியே வளைஞ்சு வளைஞ்சு கடைசி வரைக்கும் போகும். கிறிஸ்துமஸுக்கு சீரியல் லைட்டு போடுவோம்லா, அதே கனெக்‌ஷன்தான். ஒரு பல்பு போனா அதுக்குப் பிறகு உள்ளது எதுவும் எரியாது.

சமாதானம் மூணாவது பெஞ்சுக்கு வந்தது. மச்சான் வாங்கிட்டாரு. என் பக்கம் திரும்பிக் கையை நீட்டுதாரு. நான் யோசிச்சேன். மன்னிச்சவன் நான். மன்னிச்சவன் சமாதானத்தைக் கொடுக்கணுமா, வாங்கணுமா? நியாயத்தைச் சொல்லுங்க. நான் கையைச் சட்டைப் பைக்குள்ள விட்டுக்கிட்டு, நான் தாரேன், நீரு வாங்கிக்கிடும்னேன்.

"உம்மகிட்ட ஏது வே சமாதானம்? எங்கிட்டல்லா இருக்கு" அப்படின்னாரு.

கோயில்ல வச்சு. திருவிருந்துல வச்சு. அது என்ன பேச்சு? நான் கையை எடுக்கவே இல்ல. அவரும் நீட்டின கையை மடக்கல. ஐயரு பலிபீடத்துக்கிட்ட நின்னு பாத்துக்கிட்டே இருக்காரு. கடைசில அடுத்த பாட்டு பாடிட்டாங்க. எங்களுக்குப் பின்னால ஆண்கள் பக்கம் அத்தனை பெஞ்சும் சமாதானம் இல்லாம வீட்டுக்குப் போச்சு.

அடுத்த மாசமும் அதே கதை. பின் பெஞ்சுக்காரங்க கமிட்டிக்கு மனு கொடுத்துட்டாங்க. ஒருத்தனுக்கு மோட்டார் காயில் எரிஞ்சு போச்சாம், ஒருத்தன் மருமகன் கோவிச்சுட்டுப் போயிட்டானாம், எல்லாம் சமாதானம் வராததாலதானாம். நான் லைன்ல வேலை பாத்தவன், காயில் எதனால எரியும்னு எனக்குத் தெரியாதா? கமிட்டி கூடி உக்காந்து பேசி, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஆளைப் போடுறதுன்னு முடிவு பண்ணுச்சு. மச்சான் அவருக்குக் கொடுப்பாரு, அவர் எனக்குக் கொடுப்பாரு. லைன் அறுந்த இடத்துல துண்டுக் கம்பி வச்சு இணைப்போம்லா, ஜம்பர் போடுறதுன்னு, அதே மாதிரி. அந்த யோசனை நான் சொன்னதுதான், நல்ல யோசனை. ஆனா ஆளைத் தேர்ந்தெடுத்தது கமிட்டி. சகரியா தாத்தாவைப் போட்டாங்க, எல்லாருக்கும் பொதுவான மனுசன்னு. அவருக்கு வயசு ஆயிட்டு. சமாதானம் அவர் கைக்கு வந்தது. வாங்கி மடியில வச்சுக்கிட்டுத் தூங்கிட்டாரு.

என்ன பண்ண? பெரிய மனுசனை எழுப்ப முடியுமா? நானா எடுத்துக்கிட்டா அது கொடுத்ததாகுமா? பின் பெஞ்சுல ஒருத்தன் எட்டிக் குனிஞ்சு அவர் கையைத் தொட்டு, எடுத்தாச்சு எடுத்தாச்சுன்னு பின்னால கடத்திட்டான். தூங்குற ஆள் கையிலேருந்து எடுத்த சமாதானம் செல்லுமா செல்லாதான்னு கமிட்டி இன்னும் பேசிக்கிட்டு இருக்கு.

திரும்பாதீங்க. நேரா பாருங்க. உங்களுக்கு அந்தப் பக்கம் இப்ப ஒருத்தர் வந்து உக்காந்தாரே, வெள்ளைச் சட்டை, கழுத்துல துண்டு. தண்ணி டம்ளரை எடுக்கிற மாதிரி லேசாப் பாருங்க. பாத்தீங்களா. அவர்தான்.

சத்தமா மூச்சு விடாதீங்க. இந்த ஊர்ல அவருக்கு என்ன வேலை? நான் எந்திரிச்சுப் போயிருவேன், ஆனா பந்தியில உக்காந்துட்டு எந்திரிச்சா மரியாதை இல்ல, இலை வேற போட்டாச்சு. இருக்கட்டும். நான் ஒண்ணும் பொய் சொல்லலியே, கேட்டா கேட்டுட்டுப் போகட்டும். நீங்க மட்டும் நடுவுல அசையாம இருங்க. சகரியா தாத்தா மாதிரித் தூங்கிராதீங்க.

எங்க விட்டேன்? உப்பு. அந்த ஜம்பர் விவகாரத்துக்கு மறுநாள்தான் வீட்ல உப்பு நின்னுது. நான் சாப்பிட உக்காந்து, உப்பு எங்கேன்னு கேட்டேன். அதான் அசனத்துல மொத்தமாப் போட்டுட்டீங்களேன்னா. அதுக்குப் பிறகு பேச்சும் குறைஞ்சுட்டு. ஐயருகிட்டப் போய்ச் சொன்னேன். அவரு வீடு சந்திக்க வந்தாரு. புஷ்பம் அவருக்கும் அதே மாதிரி உப்பில்லாத உப்புமாவைத்தான் வச்சா. ஒரு வாய் போட்டாரு, முழுங்கினாரு. தட்டை வழிச்சுச் சாப்பிட்டு முடிச்சாரு பாருங்க, அங்க நிக்காரு மனுசன். அன்னைக்குத்தான் ஜெபத்தை ஒரே வரியில முடிச்சாரு.

நான் என் பக்கத்து நியாயத்தை எல்லாம் அவர்கிட்ட வரிசையாச் சொன்னேன். இத்தனை தடவை மன்னிச்சிருக்கேன் ஐயரே, இதுக்கு மேல என்ன செய்யணும்னேன். அவரு வாயைத் திறக்கதுக்குள்ள புஷ்பம் அடுக்களை வாசல்ல வந்து நின்னா.

"ரெண்டு பேரும் கொடுத்துக்கிட்டே இருக்கீங்க. வாங்கத்தான் ஆள் இல்ல. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாராவது ஒருத்தர் கேளுங்க. கேட்டுட்டு வாங்க. உப்புப் போட்டு ஆக்கித் தாரேன்."

கேக்கணுமாம். நான் கேக்கணுமாம். நான் எதுக்குங்க கேக்கணும்? இருக்கப்பட்டவன் போய் இல்லாதவன்கிட்டக் கேப்பானா? ஐயராவது எடுத்துச் சொல்லுவாருன்னு பாத்தா, அவரு குனிஞ்சு செருப்பை மாட்டிக்கிட்டு இருக்காரு.

இதுல இன்னொரு கூத்து. அவ திருவிருந்துக்கே போறதில்ல. சின்னப்பிள்ளையில திடப்படுத்தல் ஆகி முதல் திருவிருந்து வாங்கின நாள்லேருந்து ஒரு மாசம் தப்பினவ இல்ல. பேறுகாலத்துல மட்டும் போகாம இருந்தா, அப்பவும் ஐயரு வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுத்தாரு. இப்ப பெண்கள் பக்கம் எல்லாரும் வரிசையா எந்திரிச்சுப் போறாங்க, இவ மட்டும் தனியா பெஞ்சுல உக்காந்திருக்கா. எல்லாரும் தாண்டித் தாண்டிப் போறாங்க, இவ காலை ஒதுக்கி ஒதுக்கி வழி விடுதா. ஏன் போகலன்னு ஐயரோட வீட்டுக்காரம்மா கேட்டதுக்கு, என் அண்ணனும் என் வீட்டுக்காரரும் அப்படி உக்காந்திருக்கும்போது நான் எந்தக் கையை நீட்டி வாங்குறதுன்னாளாம். எனக்கு எவ்வளவு அவமானம் யோசிச்சுப் பாருங்க. ஊர்க்காரன் என்ன நினைப்பான்? இவ ஏதோ பெரிய பாவம் பண்ணிட்டான்லா நினைப்பான்.

முந்தாநாள் ரசத்தை ஊத்திக்கிட்டே கண்ணைத் துடைச்சா. வெங்காயம் உரிச்சியான்னு கேட்டேன். ரசத்துக்கு யாராவது வெங்காயம் உரிப்பாங்களான்னா. அவ்வளவுதான் பேச்சு. வர்ற ஞாயிறு மறுபடியும் திருவிருந்து.

என்ன? அவரு என்னமோ சொன்னாரா? என்கிட்டச் சொல்ல வேண்டாம், உங்ககிட்டயே சொல்லட்டும்.

என்ன சொல்லுதாரு... அவர் வீட்லயும் உப்பு இல்லையா?

இருங்க. வறுத்த மீனு? மீனையும் உப்பில்லாமத்தான் வறுக்காங்களாமா? எப்பலேருந்துன்னு கேளுங்க. அந்த ஜம்பர் போட்ட நாள்லேருந்தா? ரெண்டு வீட்லயும் ஒரே நாளா? அப்ப அவர் வீட்டுக்காரியும் புஷ்பமும், மைனியும் நாத்தனாருமாச் சேர்ந்துக்கிட்டு... சரி, இன்னைக்கு இந்த ஊர் அசனத்துக்கு யார் அனுப்பினான்னு கேளுங்க. அவர் வீட்டுக்காரியா? சட்டையைத் தேய்ச்சுக் கொடுத்து, சீக்கிரம் போய் உக்காருங்கன்னு சொன்னாளா?

இல்ல, சும்மாதான் கேட்டேன். எனக்கும் புஷ்பம் இன்னைக்குக் காலையில சட்டை தேய்ச்சு வச்சிருந்தா. வாய்க்காலுக்கு அங்க அசனமாம், போய் வாய்க்கு ருசியாச் சாப்பிட்டுட்டு வாங்கன்னா. இரக்கப்பட்டு அனுப்புதான்னு நினைச்சேன்.

ஜெபம். கண்ணை மூடுங்க.

ஆமென். நல்ல ஐயரு, சீக்கிரமா முடிச்சிட்டாரு. உப்பு வருது பாருங்க, தாம்பாளத்துல கல்லுப்பு. அந்த ஓரத்துலேருந்து வாரான். எங்க பக்கம் முதல்ல இலை ஓரத்துல உப்புத்தான். போடுப்பா, போடு. மச்சானுக்குக் குமிச்சுல்லா வச்சிட்டான். என்னது, தீர்ந்துட்டா? தம்பி, இங்க ரெண்டு இலை இருக்குப்பா. எடுத்துட்டு வாரேன்னு போறான். வரமாட்டான் பாத்துக்கிடுங்க, தாம்பாளத்தோட போறவன் வந்ததா சரித்திரம் இல்ல. சோறு வந்தாச்சு. சாம்பார் ஊத்தியாச்சு. பிசைஞ்சு ஒரு வாய் போட்டுப் பாருங்க.

இல்லைலா? நாக்குல ஒண்ணுமே தெரியலைலா? எனக்கு மட்டுந்தானோன்னு பாத்தேன்.

மைக்குல என்ன சொல்லுதான்? சாம்பாரில் உப்பு குறைவாகவே போடப்பட்டுள்ளது, தேவைப்படுகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளவும். கேட்டீங்களா. எங்க ஊர் அசனத்துக்குப் பிறகு இந்தச் சுத்துவட்டாரத்துல எவனுக்கும் உப்புல கை வைக்கத் தைரியம் இல்ல. மாசக்கணக்கா நாக்கு செத்து, வாய்க்காலைத் தாண்டி வந்தவனுக்கு இதுதான் கிடைச்சிருக்கு.

உப்புக்காரனைக் காணல. நீங்க கொஞ்சம் எட்டிப் பாருங்க. இல்லையா?

அவரு சாப்பிடாம என்ன பண்ணுதாரு? சும்மா இலையைப் பாத்துக்கிட்டு இருக்காரா. அவர் இலையில உப்பு இருக்குல்லா, சாப்பிட வேண்டியதுதான. ஒரு குவியல் இருக்கு. மூணு பேருக்குத் தாராளமாக் காணும்.

நீங்க கேளுங்களேன். உங்களுக்கும்தான் இல்ல. நீங்க வாங்கி எனக்குக் கொஞ்சம் தாங்க. என்ன, உங்களுக்கு வேண்டாமா? பிரஷரா? இந்த வயசுலயா? கனடாவுல போய் இதைத்தான் சம்பாதிச்சீங்களா? நடுவுல உக்காந்துட்டு இப்படிச் சொன்னா எப்படி. பல்பு போன மாதிரில்லா இருக்கு.

சரி. சாம்பார் ஆறுது.

"மச்சான். கொஞ்சம் உப்புத் தாரும்."

நீங்க பின்னால சாய்ங்க தம்பி. இன்னும் கொஞ்சம். அவரு அள்ளுதாரு. இலையில வையும் மச்சான், கையில வேண்டாம். உப்பைக் கையோட கை வாங்கினா சண்டை வரும், தெரியும்லா உமக்கு.

"இனிமே என்ன வே சண்டை வரப்போகுது?"

அது... சரிதான். அதுவும் சரிதான். இனிமே புதுசா என்ன வர. கொண்டாரும்.

பாருங்க, எவ்வளவு அள்ளிட்டாருன்னு. ஒரு கையில நிக்காது, நான் இடது கையை மேல வச்சுப் பொத்திக்கிடுதேன். அவரும் பொத்துதாரு. மெதுவா மச்சான், மெதுவா. இல்ல தம்பி, நீங்க சாப்பிடுங்க, எங்களைப் பாக்காதீங்க. கேட்டேன்னு வீட்ல போய் யாரும் சொல்ல வேண்டாம். உப்புத்தான கேட்டேன். வேற எதுவும் கேக்கல.

ஐயோ, எந்திரிச்சிட்டீங்களா? ரசம் வரட்டும் தம்பி, பாதியில எந்திரிக்கக் கூடாது. நாங்க எப்ப விடுவோம்னு பாக்காதீங்க. கையை எடுத்தா உப்பு கொட்டிரும், அதுக்காகத்தான் பிடிச்சிருக்கேன். வேற ஒண்ணும் இல்ல.